எப்போதும் அனுமதி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒருவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "இதை மட்டும் நிரப்பி அனுப்பிடுங்க, சின்ன வேலைதான்" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்தச் சின்ன வேலையைத்தான் நான் பார்த்தேன். ஒரு மொபைல் செயலி மக்களின் ஃபோனுக்குள் போவதற்கு முன்னால் தனக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். கேமராவா, மைக்கா, தொடர்பு எண்களா, ஆள் இருக்கும் இடமா? செயலிக்குள் இருக்கும் ஒரு கோப்பில் அவற்றை வரிசையாக எழுத வேண்டும். செயலிகள் கிடைக்கும் ஸ்டோரில் ஏற்றும்போது ஒவ்வொன்றும் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். பயன்படுத்துகிறவர் திரையில் பார்க்கும் அந்த இரண்டு வரி விளக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். தொம்மலூரில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அந்த யாராவது நான்தான். என்னை 'அனுமதி மேடம்' என்பார்கள். எதிரில் மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் கிண்டலாகவும் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

நிரல் எழுதுவது எப்படி என்று சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தவறைச் சொல்லப்போகிறேன். அதில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஸ்டோர் ஒப்புதல் கொடுத்திருந்தது. அப்படியும் ஒரு பெண்ணின் கை உடைந்தது. அவர் உயிர் தப்பியதில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்தச் செயலி ஹோம் நர்ஸ்களுக்கானது. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். டியூட்டிக்குக் கிளம்பும்போது செயலியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். நோயாளியின் வீட்டாருக்கு ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து வருவது தெரியும். வேலை முடிந்து 'டியூட்டி முடிந்தது' என்று அழுத்தினால் புள்ளி மறைந்துவிடும். இதற்கு, அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வந்து சேரும்வரை அவர் எங்கே என்று தெரிந்தால் போதும். மற்ற நேரத்தில் அவர் எங்கே இருந்தால் நமக்கு என்ன?

ஆனால் எங்கள் ப்ராடக்ட் தலைவருக்கு அது போதவில்லை. செயலியை மூடி வைத்திருந்தாலும் இருப்பிடம் தெரிய வேண்டும் என்றார். யாராவது திடீரென்று லீவு போட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னொருவரை அனுப்பும் வசதி ஒன்று அவர் மனதில் இருந்தது. மனதில்தான் இருந்தது. ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

"இப்பவே வாங்கி வெச்சுக்கலாம் மேடம். இருக்கட்டும். அப்புறம் புதுசா கேட்டா ஜனங்க யோசிப்பாங்க" என்றார்.

அந்த 'இருக்கட்டும்' நம் ஆட்கள் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். வீட்டில் பழைய டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் பரண்மேல் வைப்போமே, அதே சொல். என் சமையலறையிலும் அப்படி ஒரு பரண் உண்டு. அதனாலோ என்னவோ, எனக்கு அது தவறாகவே படவில்லை. கோப்பில் அந்த அனுமதியையும் சேர்க்கச் சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பினேன்.

ஸ்டோரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே இதைச் சரிபார்க்க ஒருவர் இருப்பார். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார், ஆணா பெண்ணா என்று எதுவும் நமக்குத் தெரியாது. பெயர் கிடையாது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். 'இந்த அனுமதி இல்லாவிட்டால் உங்கள் செயலியின் எந்த வேலை நின்றுபோகும்?'

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டிலும் இந்தப் பெயர் உண்டு. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவளிடம் யாரோ முகம் தெரியாத ஒருவர் பாடம் எடுப்பதாக நினைத்துக்கொண்டேன். நேர்மையான பதில் இரண்டே சொல்தான்: எதுவும் இல்லை. அதை எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் அதை எழுதவில்லை. அந்தக் கேள்வியை எப்படித் தாண்டுவது என்று யோசித்தேன். தாண்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

பாதுகாப்பு என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தனியாகப் போய்வரும் பெண்கள். அவர்களுக்கு ஆபத்து வந்தால் அழுத்த ஒரு அவசரப் பொத்தான். அழுத்தினால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டும். ஆகவே இருப்பிடம் எப்போதும் வேண்டும். பதில் தயார். ஆனால் பொத்தான் இல்லை. எங்கள் குழுவில் பிரவீன் என்று ஒரு சேலத்துக்காரர் இருந்தார். சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்வார். அவரிடம் சொன்னேன். இரண்டே நாளில் சிவப்பாக ஒரு பொத்தானைக் கொண்டுவந்து வைத்தார்.

"மேடம், இதை அமுத்துனா அலர்ட் யாருக்குங்க போவணும்?"

"இப்போதைக்கு ஒரு மெயில் ஐடிக்குப் போகட்டும். அப்புறம் ஆள் போட்டுக்கலாம்."

"அமுத்துனவங்களுக்கு ஸ்கிரீன்ல என்ன காட்டட்டும்?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "'உதவி வருகிறது'ன்னு போடுங்க" என்றேன்.

படிவத்தோடு ஒரு சிறு வீடியோவும் கேட்பார்கள். அலுவலகத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிரவீனையே நடக்கவைத்து, பொத்தானை அழுத்தவைத்து, நானே படம் பிடித்தேன். பயந்த மாதிரி நடிக்கச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. நான்கைந்து நாளில் ஒப்புதல் வந்தது. அன்றைக்குப் பக்கத்துத் தர்ஷினி ஓட்டலில் எல்லோருக்கும் நான்தான் காபி வாங்கிக்கொடுத்தேன்.

திரையில் வரும் விளக்கத்தையும் அன்றே எழுதினேன். எங்கள் குடும்பம் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேச்சு. இருந்தாலும் என் எழுத்துத் தமிழ்மேல் எனக்கு ஒரு கர்வம். நான் எழுதிய வரி இது: 'எப்போதும் போல் டியூட்டி வாய்ப்புகளைப் பெறவும், உங்கள் பாதுகாப்புக்காகவும், அடுத்த திரையில் எப்போதும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.' ஒரே வரியில் இரண்டு 'எப்போதும்' அமைந்ததை நான் ரசித்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை காலை, வாடிக்கையாளர்கள் கூப்பிடும் எண்ணுக்கு மல்லேஸ்வரத்திலிருந்து ஒருவர் பேசினார். படுக்கையாக இருக்கும் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜெயந்தி என்ற ஹோம் நர்ஸ் வருவார், இன்று வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை என்றார். புகார்களைக் கேட்கும் பெண் முதலில் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டாள். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அழைப்பை என்னிடம் மாற்றினாள்.

"நேத்து மத்தியானம் அவங்க வீட்டுக்காரர் வந்திருந்தார்மா. கேட்கிட்ட நின்னுண்டு அழறார். கொழந்தைக்கு ஜுரம், இவ ஃபோனை எடுக்கமாட்டேங்கறா, எங்க இருக்கான்னே தெரியலைன்னார். எனக்குப் பாவமா இருந்தது. உங்க லிங்கைத் திறந்தேன், புள்ளி காட்டித்து. அல்சூர் பக்கம். அவருக்குக் காட்டினேன். நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்திக்கு விடுமுறை. அன்று அந்த லிங்கில் எந்தப் புள்ளியும் இருந்திருக்கக் கூடாது.

பிரவீன் பக்கத்தில் உட்கார்ந்து தேடினார். சனிக்கிழமை மாலை ஜெயந்தி 'டியூட்டி முடிந்தது' என்று அழுத்தித்தான் இருக்கிறார். அழுத்தியது அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்குள். சிக்னல் இல்லை. செய்தி எங்களை வந்து சேரவில்லை; செயலி அதை மறுபடி அனுப்பவும் இல்லை. அந்த அனுமதியை மட்டும் நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால், அவர் செயலியை மூடியதுமே புள்ளி நின்றிருக்கும். எங்களிடம்தான் 'எப்போதும் அனுமதி' இருந்ததே. ஆகவே சனிக்கிழமை மாலை, இரவு, ஞாயிறு முழுவதும் அந்தப் புள்ளி அவர் எங்கே போனாலும் கூடவே போயிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டுப் பிரவீன் நாற்காலியைத் திருப்பி, "மேடம், அந்த எமர்ஜென்சி மெயிலை யாராச்சும் பாக்கறாங்களாங்க?" என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. அதன் பாஸ்வேர்டு என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். பிரவீன் அதை அடித்தார். பெட்டியைத் திறந்தோம். அடியில் நாங்களே அனுப்பிய சோதனைக் கடிதங்கள். அதற்கு மேலே மூன்று. மூன்றும் ஜெயந்தியின் ஃபோனிலிருந்து. மூன்றும் ஞாயிறு பிற்பகல், சில நிமிட இடைவெளியில். ஒவ்வொன்றிலும் அவர் வீட்டு வாசல்வரை துல்லியமாக இடம் குறித்திருந்தது.

நானும் பிரவீனும் ஒரு ஆட்டோ பிடித்து அல்சூருக்குப் போனோம். அங்கிருக்கும் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்து. மாடியில் ஒரே அறைதான் ஜெயந்தியின் வீடு. அதன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. கீழ் வீட்டில் உருது பேசும் ஒரு அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பெனியா? இப்ப வர்றீங்களா? நேத்து நானும் என் மருமவனும் கத்தி ஜனத்தைக் கூட்டலேன்னா இன்னிக்கு அந்தப் பொண்ணு இல்லே. சுனோ, கேளுங்க, சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்குன்னா உள்ளே வராதீங்க."

அவர் வழி விடும்வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

ஜெயந்தி அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கன்னம் வீங்கியிருந்தது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து, அடிக்கும் புருஷனை விட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு வந்தவர். எங்கே இருக்கிறேன் என்று சொந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லையாம். உறவுக்காரர் யாரோ மல்லேஸ்வரத்தில் அவர் ஒரு வீட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார். புருஷன் அந்த வீட்டுக்கு வந்து நின்றான். மிச்ச வழியை நாங்கள் காட்டினோம்.

"பட்டனை அமுத்துனேன் மேடம்" என்றார் ஜெயந்தி. குரலில் கோபம்கூட இல்லை. "அந்தாளு சந்துல வர்றதை ஜன்னல்ல பாத்துட்டேன். பாப்பாவைக் கீழ அனுப்பிட்டு உடனே அமுத்துனேன். 'உதவி வருகிறது'ன்னு வந்துச்சு. சரி, வந்துருவாங்கன்னு கதவைச் சாத்திக்கினு உள்ளயே இருந்தேன். வரலியேன்னு இன்னும் ரெண்டு வாட்டி அமுத்துனேன். மறுபடியும் அதான் வந்துச்சு. அது மட்டும் வரலேன்னா நானும் பாப்பாவோட எறங்கி ஓடிருப்பேன்."

நான் எழுதிய இரண்டு சொற்களை நம்பி ஒரு பெண் கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் பணிக்காலத்தில் வேறு எவ்வளவோ தவறுகள் செய்திருக்கிறேன். அவற்றில் பலவற்றை நினைத்து இன்று சிரிக்க முடிகிறது. இதை நினைத்துச் சிரிக்க முடிந்ததில்லை.

அடுத்து அவர் கேட்டார்: "அந்தாளுக்கு என் வூடு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது என்னிடம் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தேன், அந்த வாக்கியம் வரவில்லை. லிஃப்டு, சிக்னல், லிங்க், புள்ளி என்று நடந்ததை அப்படியே சொன்னேன். செயலியை மூடினாலும் இடம் தெரிவதற்கு அவர் அனுமதி கொடுத்ததாக எங்களிடம் பதிவு இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"நானா? நான் எப்ப மேடம் குடுத்தேன்?"

என் ஃபோனில் அந்தத் திரையைத் திறந்து காட்டினேன். அவர் மெதுவாக எழுத்துக்கூட்டி, ஆனால் தெளிவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பவும் போலன்னுதானே மேடம் போட்டிருக்குது? எப்பவும் வர்ற மாதிரியே டூட்டி வரும்போலன்னு நெனச்சு அமுத்துனேன். எப்பவும் என்னைப் பாத்துக்கினே இருப்பீங்கன்னு இதுல எங்க போட்டிருக்குது?"

போட்டிருக்கவில்லை. எப்போதும் என்றால் எந்நேரமும். எப்போதும் போல் என்றால் வழக்கம் போல். நான் ரசித்து ரசித்து ஒரே வரியில் கோத்த இரண்டு சொற்களில், முதலாவது இரண்டாவதை விழுங்கிவிட்டது. தமிழ் தெரியாத ஒருவர் மொழிபெயர்த்திருந்தால்கூட இவ்வளவு அழகாக ஏமாற்றியிருக்க முடியாது. பிரவீன் வெளியே போய் நின்றுகொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் கூட்டம் தயாராக இருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெரிய மருத்துவமனைக்காரர்கள் எங்கள் செயலியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களை இழுத்ததே அந்த நீலப் புள்ளிதான். அந்த ஒப்பந்தம் கைகூடாவிட்டால் எங்கள் குழுவில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ப்ராடக்ட் தலைவர் கெட்டவர் இல்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

சட்டப் பிரிவிலிருந்து வந்தவர் என்னிடம் ஒரு குறிப்பு கேட்டார். "ரொம்ப வேண்டாம் மேடம். பயனாளர் விளக்கத்தைப் படித்து, தானாக முன்வந்து அனுமதி அளித்தார். இந்த ஒரு வரி போதும். லாக்ல இருக்கறதைத்தானே எழுதப்போறீங்க?"

செயலி தானாகப் பதிந்துவைக்கும் அந்த லாக்கில் இருந்தது. ஜெயந்தி, இருப்பிடம், எப்போதும், ஆம். தேதியும் நேரமும் வினாடிவரை இருந்தன. அந்த ஒரு வரியை எழுதினால் நான் பொய் சொன்னதாக எந்த நீதிமன்றமும் சொல்லாது. செயலி தப்பும், குழு தப்பும், எனக்கும் ஓய்வுவரை மீதமிருந்த மூன்று வருடங்கள் கௌரவமாகப் போகும். எழுதாவிட்டால் எல்லாமே என் தலையில் வந்து விழும். பயந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வரியைக் கேட்பார்கள்.

அரைமணி நேரம் அவகாசம் கேட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பழைய படிவத்தைத் திறந்தேன். பெயர் தெரியாத அந்த ஆளின் கேள்வி அப்படியே இருந்தது. இந்த அனுமதி இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? எங்கோ உட்கார்ந்து, எங்களை ஒருமுறைகூடப் பார்க்காமல், ஜெயந்தியின் கதவுக்குக் காவல் நின்ற ஒரே மனிதர் அவர்தான். அவரை ஏமாற்றிவிட்டு நான் காபி வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

குறிப்பை எழுதினேன். நான்கே வாக்கியம். 'அவர் அழுத்தினார். எதற்காக அழுத்துகிறார் என்பது அவருக்குப் புரியும்படி நாங்கள் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியவள் நான். அவர் அனுமதித்தார் என்று என்னால் சொல்ல முடியாது.' அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டோரின் படிவத்தில் பழைய பதிலை அழித்துவிட்டு, 'எதுவும் நின்றுபோகாது; இந்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறோம்' என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் என் பெயர்தான் இருந்தது. அதைத் திரும்பப் பெற வேறு யார் கையெழுத்தும் தேவையில்லை. பிரவீனைக் கூப்பிட்டு, கோப்பிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "இப்பவேங்களா?" என்று கேட்டார். இப்பவே என்றேன்.

ப்ராடக்ட் தலைவர் என் மேசைக்கு வந்து நின்றார். "வியாழக்கிழமை முடிஞ்சதும் எடுத்திருக்கலாமே மேடம். மூணே நாள்."

"அந்த மூணு நாள்ல இன்னொரு ஜெயந்தி இருந்தா?" என்றேன்.

அவர் திரும்பிப் போனார், அப்புறம் பல வாரம் என்னோடு பேசவில்லை. மருத்துவமனைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், திரும்பி வரவில்லை. எங்கள் குழுவில் சிலருக்கு வேலை போனது உண்மை. அவர்களில் ஒருவர் என்னை வழியில் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் செய்தது சரி என்று அவரிடம் போய் வாதாட எனக்குத் தைரியம் இல்லை. சரியான முடிவு எடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

என் குறிப்பு இருந்ததால் நிறுவனத்தால் கைகழுவ முடியவில்லை. ஜெயந்தியின் சிகிச்சையையும், அவர் வேறு பேட்டையில் வீடு மாறுவதையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அவசரப் பொத்தானுக்கு ஆள் போடுங்கள், இல்லாவிட்டால் பிடுங்கி எறியுங்கள் என்று கத்தினேன். ஆமாம், கத்தத்தான் செய்தேன். ஆள் போட்டார்கள். இப்போது அதை அழுத்தினால் எங்காவது ஒரு ஃபோன் அடிக்கும், அதை ஒரு மனிதர் எடுப்பார். அவர் எடுத்துப் பேசும்வரை திரையில் 'உதவி வருகிறது' என்று வராது.

இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொடுக்க ஜெயந்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. புதிய செயலி அன்று தயாராக இருந்தது. கிளம்பியதிலிருந்து வந்து சேரும்வரை மட்டும் இருப்பிடம் கேட்கும். விளக்கத்தைப் புதிதாக எழுதியிருந்தேன். இந்த முறை அதை வாய்விட்டுப் படித்து ரசிக்கவில்லை. அவரிடம் ஃபோனைக் கொடுத்து, ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மறுத்திருந்தாலும் நியாயம்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'நீங்கள் டியூட்டிக்கு வரும் வழியில் மட்டும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நோயாளியின் வீட்டார் பார்க்கலாமா? வந்து சேர்ந்ததும் நின்றுவிடும்.' கீழே இரண்டு பொத்தான்: பார்க்கலாம், வேண்டாம்.

"இது புரியுது மேடம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர் கேட்டார்: "வேணான்னு அமுத்துனா டூட்டி குடுப்பீங்களா?"

நான் பிரவீனைப் பார்த்தேன். பிரவீன் தரையைப் பார்த்தார். ஜெயந்தி காத்திருக்கவில்லை, கட்டைவிரலால் 'வேண்டாம்' என்று அழுத்தினார். திரை ஒரு நொடி வெள்ளையானது. மறுபடியும் அதே கேள்வி வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். இன்னொரு முறையும் அதே கேள்வி.

"பாத்தீங்களா, ஆமான்னு சொல்ற வரைக்கும் வுடாது" என்றார். "அந்தாளும் இப்படித்தான் மேடம் கேப்பான்."

அத்தனை நாள் நான் சொற்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். 'எப்போதும்' என்ற சொல்லோடு என் தவறு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஒருநாள்கூட, ஒரு செயலியில்கூட, நான் அழுத்திப் பார்த்ததில்லை. 'அனுமதி மேடம்' என்ற பெயரைக் கேட்டுக் குளிர்ந்துபோன அத்தனை வருடத்திலும்.

புதிய செயலி வெளிவருவதை நிறுத்திவைத்தோம். இதற்கும் ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லி உங்களை அலுக்கவைக்க மாட்டேன். பிரவீன் அந்த வட்டத்தை உடைத்தார். வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு 'கிளம்பிவிட்டேன்', 'வந்துவிட்டேன்' என்று இரண்டே பொத்தான். அதை அழுத்தினால் நோயாளியின் வீட்டாருக்குச் செய்தி போகும், புள்ளி போகாது. விளக்கத்தின் கீழே நான் இன்னொரு வரி சேர்த்தேன்: 'வேண்டாம் என்றாலும் டியூட்டி வரும்.' அதைச் சேர்க்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு ஜெயந்தி மறுபடியும் வந்தார். அதே நாற்காலி. ஃபோனைக் கொடுத்தேன். எல்லா வரியையும் முதலிலிருந்து படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். 'வேண்டாம்' என்று அழுத்தினார். திரை வெள்ளையானது. பிரவீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், நானும்தான். டியூட்டிப் பட்டியல் வந்தது. ஜெயநகரில் ஒன்று, மல்லேஸ்வரத்தில் ஒன்று, தொம்மலூரிலேயே ஒன்று.

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இப்பதான் மேடம் நீங்க என்னைக் கேட்டிருக்கீங்க."

அதன்பிறகும் அவர் 'பார்க்கலாம்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளன்று, என் பொறுப்பில் இருந்த பட்டியல்களை வேறொருவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது அவர் பெயர் கண்ணில் பட்டது. ஜெயந்தி. டியூட்டியில் இருக்கிறார். இருப்பிடம்: அனுமதி இல்லை. நகரத்தில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பெரியவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருப்பார். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது.